நெல் அறுத்தாச்சா? உஷ்ர் கணக்கைக் களத்திலேயே முடித்துவிடுங்கள்

ரமலான் வந்தால் நகைக்கும் வங்கியில் கிடக்கும் பணத்துக்கும் ஜகாத் (ஏழைகளுக்குக் கடமையாகக் கொடுக்க வேண்டிய பங்கு) கணக்குப் பார்க்கிற நம் ஆட்களில் பலர், வயலில் விளைந்ததற்கும் ஒரு கணக்கு இருக்கிறது என்பதையே மறந்துவிடுகிறார்கள். நினைவில் வைத்திருப்பவர்களிலும் சிலர் நெல்லை விற்று, செலவெல்லாம் போகக் கையில் மிஞ்சிய பணத்துக்கு இரண்டரை சதவீதம் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். இரண்டரை சதவீதம் என்பது பணம், தங்கம், வெள்ளி, வியாபாரச் சரக்கு இவற்றுக்கு உள்ள அளவு. விளைச்சலுக்கு அது இல்லை. விளைச்சலுக்குரிய ஜகாத்துக்கு உஷ்ர் என்று பெயர், அது பத்தில் ஒரு பங்கு, அல்லது இருபதில் ஒரு பங்கு. ஒரு வருஷம் கையில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இதற்குக் கிடையாது, ரமலானுக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். 'அறுவடை நாளில் அதன் உரிமையைக் கொடுத்துவிடுங்கள்' என்று குர்ஆன் அன்ஆம் அத்தியாயம் 141ஆவது வசனத்தில் நாளையே குறித்துச் சொல்கிறது.

நான் வலியுறுத்துவது ஒன்றைத்தான். கணக்கைக் களத்தில் போடுங்கள், நெல்லாகவே எடுத்து வையுங்கள், வியாபாரியின் லாரி வருவதற்கு முன்னால் எடுத்து வையுங்கள். லாரி கிளம்பிய பிறகு நெல் பணமாகிவிடும், பணம் கடைக்கடனுக்கும் டிராக்டர் வாடகைக்கும் பிள்ளைகளின் பீஸுக்கும் போய்விடும், அதற்கப்புறம் ஏழைக்குரிய பங்கு என்று தனியாக எதுவும் கண்ணுக்குத் தெரியாது. சாக்கில் கட்டித் தனியாக வைத்துவிட்டால் அதில் யாரும் கை வைக்க மாட்டார்கள்.

இங்கே எழுதியிருப்பது பெரும்பாலும் நெல்லுக்கானது. காவிரிப் பாசனத்தில் வயல் வைத்திருப்பவர்களுக்கும், இலங்கையில் சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்றுப் பக்கம் பெரும்போகம், சிறுபோகம் செய்கிறவர்களுக்கும் பொருந்தும். நம்மில் மார்க்கச் சட்ட வழிகளில் ஷாஃபிஈ மத்ஹபும் உண்டு, ஹனஃபி மத்ஹபும் உண்டு, இந்த விஷயத்தில் இரண்டுக்கும் வேறுபாடுகள் இருக்கின்றன, அதனால் வேறுபடும் இடங்களில் இரண்டையும் சொல்கிறேன். உங்கள் வயலுக்கே உரிய சிக்கல் ஏதாவது இருந்தால் ஊர்ப் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் தண்ணீரைப் பாருங்கள்

பத்தில் ஒன்றா, இருபதில் ஒன்றா என்பதைத் தீர்மானிப்பது தண்ணீர்தான். மழையாலும் ஊற்றாலும் விளைந்ததில் பத்தில் ஒன்று, இறைத்துப் பாய்ச்சியதில் இருபதில் ஒன்று என்று நபித்தோழர் இப்னு உமர் அவர்கள் அறிவிக்கும் நபிமொழி புகாரி என்ற நபிமொழித் தொகுப்பில் இருக்கிறது. பாடுபட்டு இறைத்தவனுக்குப் பாதிச் சுமை. 1,400 வருஷத்துக்கு முன்னாலேயே உழவனின் செலவைக் கணக்கில் எடுத்துக்கொண்ட சட்டம் இது என்பதை நினைத்தால் மனசு நிறைகிறது.

அன்றைக்கு இறைத்தது ஒட்டகம், இன்றைக்கு மோட்டார். போர் போட்டோ கிணற்றில் மோட்டார் வைத்தோ முழுக்க இறைத்து விளைவித்தால் இருபதில் ஒன்று. தமிழ்நாட்டில் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசமாயிற்றே, அப்போதும் பாதிதானா என்று கேட்பவர்கள் உண்டு. போர் போட்ட செலவு, மோட்டார், குழாய், எரிந்த மோட்டாருக்குக் கம்பிச் சுருள் கட்டுவது எல்லாம் உங்கள் கையிலிருந்துதானே போகிறது, அதனால் அது இறைப்புப் பாசனம்தான் என்பது என் புரிதல்.

ஆற்றிலிருந்து வாய்க்கால் வழியாகத் தானாகப் பாய்கிற தண்ணீர் பத்தில் ஒன்றுக்குள் வரும். வாய்க்கால் வெட்டவும் தூர்வாரவும் செலவானாலும் ஷாஃபிஈ நூல்களின்படி அதனால் அளவு மாறாது. ஹனஃபியில், தண்ணீருக்கு விலை கொடுத்து வாங்கினால் இருபதில் ஒன்று போதும் என்று சொல்லும் ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) இருக்கிறார்கள். அம்பாறை மாவட்டத்தில் சேனநாயக்க சமுத்திரத்திலிருந்து கல்லோயாத் திட்டத்து வாய்க்கால்களில் பாய்வதும் தானாகப் பாய்கிற இந்த வாய்க்கால் வகைதான்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், வாய்க்காலும் மோட்டாரும் கலந்து பாய்கிற வயலில். டெல்டாவில் இதுதான் அதிகம். மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவார்கள். நடவு பிந்திய சம்பா வயலில் கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் வாய்க்கால் காய்ந்திருக்கும், மோட்டாரைப் போட்டுத்தான் பயிரைக் காப்பாற்ற வேண்டும். இதற்கு ஷாஃபிஈ முறையில், பயிர் வளர்ந்த காலத்தைப் பங்கு போட்டு அளவையும் பங்கு போட வேண்டும். பாதிக் காலம் வாய்க்கால், பாதிக் காலம் மோட்டார் என்றால் ஏழரை சதவீதம். எது எவ்வளவு என்று சொல்லவே முடியாவிட்டாலும் சமமாக வைத்து அதே ஏழரைதான். ஹனஃபியில் எது அதிகமோ அதையே முழுதுக்கும் எடுத்துக்கொள்வார்கள்.

ஒரு கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். 3 ஏக்கர் சம்பா, 40 கிலோ மூட்டையில் 150 மூட்டை, ஆக 6,000 கிலோ. பயிர் நின்ற நான்கு மாதத்தில் மூன்று மாதம் மழையும் வாய்க்காலும், கடைசி ஒரு மாதம் மோட்டார் என்று வைத்துக்கொள்வோம். முக்கால் பங்கு காலத்துக்குப் பத்து சதவீத வீதம், கால் பங்கு காலத்துக்கு ஐந்து சதவீத வீதம். சேர்த்தால் எட்டே முக்கால் சதவீதம் வரும், அதாவது 525 கிலோ. பதின்மூன்று மூட்டையும் ஐந்து கிலோவும். அதே வயல் ஹனஃபி முறையில் என்றால் வாய்க்கால்தான் மிகுதி, அதனால் 600 கிலோ, பதினைந்து மூட்டை. முழுக்க மோட்டார் என்றால் இரண்டிலும் 300 கிலோ.

மோட்டார் போட்ட நாட்களை வீட்டுக் காலண்டரில் குறித்து வையுங்கள். அறுவடையின் போது ஞாபகத்தில் இருந்து சொல்வதைவிட அது நம்பகமானது.

எவ்வளவு விளைந்தால் கடமை?

ஐந்து வஸக்குக்குக் குறைவானதில் ஜகாத் இல்லை என்று அபூ ஸயீத் அல்குத்ரி அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் (நபிமொழி) புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு தொகுப்புகளிலும் உள்ளது. ஒரு வஸக் 60 ஸாஉ, ஆக 300 ஸாஉ. ஸாஉ என்பது முகத்தல் அளவை, அதனால்தான் கிலோவுக்கு மாற்றும்போது ஆளுக்கொரு எண் சொல்கிறார்கள். 612 கிலோ என்பாரும் உண்டு, 653 கிலோ என்பாரும் உண்டு. நெல்லுக்கு இன்னொரு விஷயமும் இருக்கிறது: உமியோடு சேமித்து வைக்கிற தானியம் என்பதால் ஷாஃபிஈ மத்ஹபில் நெல்லாக அளக்கும்போது பத்து வஸக் என்று வைத்திருக்கிறார்கள். 653 கணக்குப்படி அது 1,306 கிலோ நெல். ஒரு ஏக்கர் ஒழுங்காக விளைந்தாலே இதைத் தாண்டிவிடும், அதனால் இந்த எண்களுக்காக யாரோடும் மல்லுக்கு நிற்க வேண்டாம். எல்லையில் நிற்கிற சிறு விவசாயிக்குத்தான் இது முக்கியம், அவர் தயங்காமல் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

ஹனஃபி மத்ஹபின் இமாம் அபூ ஹனீஃபா அவர்களிடம் குறைந்தபட்ச அளவு என்பதே இல்லை, விளைந்தது கொஞ்சமானாலும் உண்டு. கத்திரிக்காய், வாழை, தேங்காய், கரும்புக்கும் உண்டு. அவர்களுடைய மாணவர்கள் அபூ யூஸுஃபும் முஹம்மதும் ஐந்து வஸக்கையும், கெடாமல் நிற்கும் விளைபொருள் என்பதையும் நிபந்தனையாக்கினார்கள். ஷாஃபிஈயில் சேமித்து வைத்து முக்கிய உணவாக உண்ணும் தானியம், பேரீச்சை, திராட்சை, இவ்வளவுதான். தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஷாஃபிஈக்காரருக்கு உஷ்ர் இல்லை, ஆனால் காய் விற்ற பணம் வருஷம் கடந்து கையில் நின்றால் அதற்குப் பண ஜகாத் உண்டு என்பதை மறக்கக் கூடாது.

அப்புறம், குறுவையும் சம்பாவும் ஒரே வருஷத்துக்குள் அறுவடையானால் ஷாஃபிஈ முறையில் இரண்டையும் கூட்டிப் பார்க்க வேண்டும். பெரும்போகம் சிறுபோகத்துக்கும் அப்படித்தான். தனித்தனியே அளவை எட்டாவிட்டாலும் சேர்ந்து எட்டினால் கடமை. பொன்னி, ஆடுதுறை ரகங்கள் என்று ரகம் வேறானாலும் எல்லாம் நெல்தான், சேரும். நெல்லும் உளுந்தும் சேராது.

களத்தில் அளக்கும்போது

நெல் காய்ந்து, பதர் போன பிறகு உள்ள எடைதான் கணக்கு. இப்போது அறுவடை இயந்திரத்திலிருந்து கொட்டுகிற நெல் ஈரமாக இருக்கிறது, தமிழ்நாட்டுக் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் கேட்பதால் எப்படியும் காயப்போடத்தான் போகிறீர்கள். காய்ந்த பின் எடை போட்டு அதே இடத்தில் பங்கைப் பிரித்துவிடுங்கள். ஈர நெல்லையே அவசரத்தில் விற்கிறவர்கள், கழிவு போக வியாபாரி ஒத்துக்கொண்ட எடையையாவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பலர் இங்கே ஒன்றை விட்டுவிடுகிறார்கள். ஆட்களுக்குக் கூலியாக அளந்த நெல், அடுத்த நடவுக்கு எடுத்து வைத்த விதை நெல், வீட்டுச் சாப்பாட்டுக்கு முதலிலேயே அனுப்பிய மூட்டைகள், இவை எல்லாம் மொத்த விளைச்சலில் சேரும். 150 மூட்டை கண்ட களத்தில் 30 மூட்டை இப்படிப் போய்விட்டு 120க்கு மட்டும் கணக்குப் பார்த்தால் ஏழையின் பங்கு குறைந்துபோகும்.

எடுத்து வைக்கிற மூட்டையின் தரத்தையும் சொல்லிவிடுகிறேன். குர்ஆனின் பகரா அத்தியாயம் 267ஆவது வசனம், உங்களுக்கே கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்குவீர்கள் என்ற அளவுக்கு மட்டமானதைத் தேடி எடுத்துக் கொடுக்காதீர்கள் என்கிறது. மழையில் நனைந்து முளைவிட்ட அடிச்சாக்கு, களத்தைக் கூட்டி அள்ளிய கடைசி நெல், இதெல்லாம் இதற்கு ஆகாது. நீங்கள் உங்கள் வீட்டுக்கு எடுத்து வைக்கிற அதே நெல்லிலிருந்து கொடுங்கள்.

செலவைக் கழிக்கலாமா?

எல்லோரும் கேட்கிற கேள்வி, பதிலை நிதானமாகப் படியுங்கள். ஹனஃபியிலும் ஷாஃபிஈயிலும் உழவு, நடவு, களை, அறுவடைக் கூலி எதையும் கழிக்கக் கூடாது, மொத்த விளைச்சலில் இருந்துதான். தண்ணீர்ச் செலவுக்காகத்தான் பத்து ஐந்தாகக் குறைந்துவிட்டதே, மறுபடியும் அதைக் கழிப்பது எந்த முறையிலும் சரியில்லை.

கடன் வாங்கிச் சாகுபடி செய்தவர் நிலை வேறு. பயிருக்காக வாங்கிய கடனைக் கழிக்கலாம் என்பது இப்னு உமர், இப்னு அப்பாஸ் இருவரின் கருத்து. ஜித்தாவில் இருக்கிற சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் (மார்க்கச் சட்ட) அகாதமி 2001இல் குவைத்தில் கூடியபோது இதைத்தான் எடுத்துக்கொண்டது: விதை, உரம், மருந்து எல்லாம் சொந்தப் பணத்தில் வாங்கியிருந்தால் கழிக்க முடியாது, கையில் இல்லாமல் கடன் வாங்கி வாங்கியிருந்தால் கழிக்கலாம். மேலே சொன்ன அதே 6,000 கிலோவில், உரத்துக்கும் மருந்துக்கும் 40,000 ரூபாய் கடன், நெல் கிலோ 25 ரூபாய் என்றால், கடன் 1,600 கிலோவுக்குச் சமம். மீதி 4,400 கிலோவில் எட்டே முக்கால் சதவீதம், 385 கிலோ. கையில் பணம் இருந்தும் கழிவுக்காகக் கடன் வாங்குவது, வீட்டுக் கல்யாணக் கடனைப் பயிர்க்கடனில் சேர்ப்பது போன்ற வேலைகள் வேண்டாம். என்னைக் கேட்டால், முடிந்தவர்கள் எதையும் கழிக்காமல் கொடுத்துவிடுவதே நல்லது, கழிவு என்பது கடனில் திணறுகிறவருக்கு உள்ள வாசல்.

நிலம் உங்களுடையதாக இல்லாவிட்டால்? வாரத்துக்குச் செய்தால் அவரவர் பங்குக்கு அவரவர் கொடுக்க வேண்டும். குத்தகைக்கு எடுத்திருந்தால் பயிர் யாருடையதோ அவர், அதாவது குத்தகைக்காரர் கொடுக்க வேண்டும் என்பது ஷாஃபிஈ உட்படப் பெரும்பான்மையின் நிலை. அபூ ஹனீஃபா அவர்கள் நிலச் சொந்தக்காரர் மேல் வைத்தார்கள்.

யாருக்கு, எப்படி

தௌபா அத்தியாயம் 60ஆவது வசனம் சொல்லும் எட்டு வகையினர்தான் இதற்கும். நடைமுறையில் நம் ஊர்களில் ஏழைகள், வறியவர்கள், கடனில் மூழ்கியவர்கள். பெற்றோர், பிள்ளைகள், மனைவிக்குக் கொடுக்க முடியாது, அவர்களைச் சாப்பிட வைப்பது ஏற்கெனவே உங்கள் கடமை. உடன்பிறந்தவர் கஷ்டத்தில் இருந்தால் கொடுக்கலாம்.

வயலில் வேலை செய்கிறவர் ஏழையாக இருந்தால் அவருக்கும் கொடுக்கலாம், ஆனால் கூலிக்குப் பதிலாகக் கூடாது, கூலியைக் குறைத்துக்கொண்டும் கூடாது. கூலி அவருடைய உழைப்பு, உஷ்ர் அவருடைய உரிமை, இரண்டையும் ஒன்றாகக் கட்டி ஒரே மூட்டையாகக் கொடுத்தால் உங்கள் கடமையும் நிறைவேறாது. ஜகாத் முஸ்லிம் ஏழைகளுக்கு என்பது ஆலிம்களின் பொதுவான நிலை என்பதால், நம் வயலில் நாற்று நட்ட, களையெடுத்த மற்ற சமயத்துச் சகோதரிகளுக்கு ஸதகாவாக (விருப்ப தர்மமாக) தனியாக எடுத்துக் கொடுங்கள், அதற்கு வரம்பே இல்லை.

நெல்லாகக் கொடுப்பதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், ஷாஃபிஈயில் தானியமாகவே கொடுக்க வேண்டும் என்பது ஒரு காரணம், ஹனஃபியில் விலையாகக் கொடுக்கவும் இடமுண்டு. ஆனால் அந்த 525 கிலோ நெல்லை அரைத்தால் ஏறக்குறைய 350 கிலோ அரிசி வரும். நாளுக்கு ஒரு கிலோ அரிசி பொங்குகிற வீட்டுக்கு அது பதினொரு மாதத்துக்கும் மேல் வரும். அறுவடை நேரத்தில்தான் நெல் விலை இறங்கிக் கிடக்கும், அந்த விலைக்குப் பணமாகக் கொடுத்தால் அதை வைத்து ஆறு மாதம் கழித்து அதே அளவு அரிசியை அந்தக் குடும்பம் வாங்க முடியாது. மூன்று ஏக்கர்க்காரர் ஒருவர் ஒழுங்காகக் கொடுத்தால் ஒரு வீட்டின் அடுப்பு வருஷம் முழுக்க எரிகிறது, ஊரில் இருபது பேர் கொடுத்தால் என்ன ஆகும் என்று நீங்களே பாருங்கள்.

நபித்தோழர் முஆத் அவர்களை யமனுக்கு அனுப்பியபோது, அங்குள்ள செல்வர்களிடம் எடுத்து அங்குள்ள ஏழைகளுக்கே திருப்பிக் கொடுக்கும்படி நபியவர்கள் சொன்னார்கள். அதனால் முதலில் உங்கள் ஊர். ஜமாஅத்தில் பேசி ஒரு அறையை ஒதுக்கி, தரையில் பலகை அடுக்கி, வந்த மூட்டையையும் போன மூட்டையையும் ஒரு நோட்டில் எழுதி, மாதா மாதம் அரைத்துக் கொடுக்கும் ஏற்பாடு செய்தால் வாங்குகிறவருக்கும் வசதி. ஒரே நாளில் பத்து மூட்டையை ஒரு குடிசை வாசலில் இறக்கினால் வைக்க இடமின்றி அவர் அடிமாட்டு விலைக்கு விற்றுவிடுவார்.

வியாபாரியிடம் முன்பணம் வாங்குகிறீர்களா?

உஷ்ர் கொடுக்க முடியாமல் போவதற்குப் பெரிய காரணமே இதுதான், அதனால் இதையும் சொல்லாமல் விட முடியாது. நடவு நேரத்தில் நெல் வியாபாரி பணம் தருகிறார், அறுவடையில் நெல்லை எனக்கே போட வேண்டும், விலையை அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். கடனைக் கொடுத்து அதற்கு ஈடாக ஒரு லாபத்தைக் கட்டிவைப்பது வட்டியின் வாசலில் போய் நிற்கும், உழவருக்கும் சந்தை விலை கிடைக்காது.

இதை ஸலம் ஒப்பந்தமாக, அதாவது பணத்தை முன்னால் கொடுத்துச் சரக்கைப் பின்னால் வாங்கும் ஒப்பந்தமாக, மாற்றிக்கொள்ள முடியும். நபியவர்கள் மதீனாவுக்கு வந்தபோது மக்கள் ஒரு வருஷம், இரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே பேரீச்சைக்குப் பணம் கொடுத்து வந்தார்கள். நபியவர்கள் அதைத் தடுக்காமல், அளவும் எடையும் தவணையும் தெரிந்திருக்க வேண்டும் என்று ஒழுங்குபடுத்தினார்கள். அதன்படி: முழுப் பணமும் பேசிய இடத்திலேயே கைமாற வேண்டும், பாதி இப்போது பாதி பிறகு என்பது ஸலம் ஆகாது. நெல் ரகம், தரம், ஈரப்பதம், எத்தனை கிலோ, எந்தத் தேதி, எங்கே இறக்குவது, கிலோ என்ன விலை, அத்தனையும் எழுதப்பட வேண்டும். 'இந்த வயலில் விளைவது' என்று எழுதக் கூடாது, ஏனென்றால் அந்த வயல் பொய்த்துவிட்டால் பேச்சே கெட்டுவிடும், சொன்ன ரகத்தை எங்கிருந்தாவது வாங்கித் தரும் பொறுப்பு உங்களுடையது. அதனால் ஏக்கருக்கு 2,000 கிலோ எதிர்பார்த்தால் முழுவதையும் முன்கூட்டி விற்றுவிடாதீர்கள், பாதிக்குள் நிறுத்துங்கள். சூடானில் 1990களில் வங்கிகளே இந்த முறையில் உழவர்களுக்குப் பணம் கொடுத்தன. ஒப்புக்கொண்ட விலைக்கும் அறுவடை விலைக்கும் இடைவெளி பெரிதாகும்போது உழவர் அடிபடுவது அங்கே பெரிய பிரச்சினையானது, ஆகவே விலை பேசும்போது நிதானம் தேவை.

மாந்தோப்பைப் பூவிலேயே விலைபேசி விடுவது வேறு விஷயம், அது கூடாது. காய் பருவம் தெரியும் முன் விற்பதை நபியவர்கள் தடுத்திருக்கிறார்கள். விற்ற பிறகு புயலிலோ பூச்சியிலோ காய் அழிந்தால், சகோதரனின் பணத்தை எந்த உரிமையில் எடுப்பீர்கள் என்ற கேள்வி முஸ்லிமில் பதிவாகியிருக்கிற ஹதீஸில் இருக்கிறது.

நெல்லை வீட்டில் இருப்பு வைப்பது பதுக்கல் ஆகுமா என்றால், உங்கள் குடும்பத்துக்கு ஒரு வருஷத் தேவையை வைப்பது ஆகாது, நபியவர்களே தம் குடும்பத்துக்கு ஒரு வருஷ உணவை எடுத்து வைத்திருக்கிறார்கள். தட்டுப்பாட்டு நேரத்தில் ஊரிலுள்ளதை வாங்கிக் குவித்து விலையேறக் காத்திருப்பதுதான் பாவம். உஷ்ர் கொடுத்த நெல் அடுத்த வருஷமும் வீட்டுத் தேவைக்காகக் கிடந்தால் அதற்கு மறுபடி கொடுக்க வேண்டியதில்லை.

போன போகங்களில் கொடுக்காமல் விட்டவர்கள், கொள்முதல் நிலையத்து ரசீது, ஆலைச் சீட்டு இவற்றை எடுத்து ஒவ்வொரு போகத்துக்கும் எத்தனை மூட்டை என்று எழுதுங்கள். ரசீது இல்லாத போகத்துக்கு, கூட வேலை பார்த்தவர்களைக் கேட்டுச் சற்றுக் கூடுதலாகவே மதிப்பிடுங்கள். அந்த நெல் இப்போது கையில் இல்லை, அதே தரத்து நெல்லை வாங்கிக் கொடுக்கலாம், ஹனஃபிக்காரர்கள் விலையாகக் கொடுக்கலாம். ஒரே தடவையில் முடியாவிட்டால் மொத்தக் கிலோவை ஒரு தாளில் எழுதி, வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லிவைத்து, ஒவ்வொரு அறுவடையிலும் அந்த வருஷத்துப் பங்கோடு சேர்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துக்கொண்டு வாருங்கள்.